தவறான விடைகளையும் வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடுநிலைப் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்பு அடைவுத் தேர்வு முடிவைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கணிதச் சராசரி 58இலிருந்து 53ஆக இறங்கிவிட்டதாம். "அதிர்ச்சிச் சரிவு" என்று தலைப்பு. கீழே தலைமையாசிரியரின் சமாதானம், பெற்றோர் சிலரின் வருத்தம், "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று அதிகாரி ஒருவரின் வழக்கமான வாக்கியம். அந்தப் பள்ளியில் எனக்குத் தெரிந்தவர்கள் எவரும் இல்லை. யாருக்கும் வக்காலத்து வாங்க நான் எழுதவில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் செய்தியை மறுபடியும் படித்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு எந்தக் கணக்கு வரவில்லை என்பது மட்டும் அதில் எங்குமே இல்லை.

அந்த 5 மதிப்பெண்ணை முதலில் முடித்துவிடுகிறேன். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் தேர்வு எழுதியவர்கள் இந்த ஆண்டு அங்கே இல்லை. இப்போது எழுதியவர்கள் வேறு பிள்ளைகள். ஆகவே எந்தப் பிள்ளையும் 58இலிருந்து 53க்கு இறங்கவில்லை. வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்களின் திட்ட விலக்கம், அதாவது பிள்ளைகளின் மதிப்பெண்கள் சராசரியைவிட்டுப் பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு, 20 என்றும் கொள்வோம். நடுநிலை வகுப்புக் கணிதத்தில் அது ஒன்றும் பெரிய சிதறல் அல்ல. 20ஐ 40இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 3க்குச் சற்று மேல் வரும். ஒரு வகுப்பின் சராசரி தற்செயலாகவே அவ்வளவு தடுமாறும். இரண்டு ஆண்டுகளின் சராசரிகளை ஒப்பிடும்போது அந்தத் தடுமாற்றம் ஏறக்குறைய நாலரை. ஆசிரியரும் மாறாமல், பாடமும் மாறாமல், வந்து சேர்ந்த பிள்ளைகள் மாறியதாலேயே சராசரி 5 ஏறலாம், 5 இறங்கலாம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தேர்வு முடிவுகளை ஆராய்ந்த தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டெய்கர் என்ற பொருளியலாளர்கள் இருவர் 2002இல் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள். ஆண்டுக்கு ஆண்டு அதிகமாக ஏறி இறங்குவதும் சிறிய பள்ளிகள்தாம். பாராட்டுப் பட்டியலின் உச்சியில் அடிக்கடி இடம்பிடிப்பதும் அவைதாம். அடுத்த ஆண்டு இதே பள்ளியின் சராசரி 57க்கு ஏறினால் "அதிகாரி எடுத்த நடவடிக்கையால் முன்னேற்றம்" என்று இன்னொரு செய்தி வரும் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இதனால் தேர்வே கூடாது என்போர் பக்கம் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். பள்ளிக்கு வெளியிலிருந்து வருகிற தரப்படுத்தப்பட்ட தேர்வு கட்டாயம் வேண்டும். பள்ளியின் சொந்தத் தேர்வில், பாடம் நடத்தியவரே கேள்வி எடுக்கிறார், அவரே திருத்துகிறார். பயிற்சிக் கணக்கில் எண்ணை மட்டும் மாற்றிக் கேட்டால் வகுப்பே நூற்றுக்கு நூறு வாங்கும். கேட்கிற விதத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். அப்படி மாற்றிக் கேட்பதுதான் வெளித்தேர்வின் பலம்.

ஒரு கேள்வியைச் சொல்கிறேன். கணித மதிப்பீட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இதன் ஏதாவது ஒரு வடிவம் தெரிந்திருக்கும். ஓர் அளவுகோலின் படம். அதன் மேல் ஒரு பென்சில். பென்சிலின் ஒரு முனை 0வில் இல்லை. 2இல் தொடங்கி 7இல் முடிகிறது. பென்சிலின் நீளம் எத்தனை செ.மீ.? கொடுத்திருக்கும் விடைகள்: 5, 6, 7, 9. சரியான விடை 5. ஆனால் மற்ற மூன்றையும் வினா தயாரித்தவர் வாய்க்கு வந்தபடி போடவில்லை. 7 என்று குறிக்கிற பிள்ளை முடிகிற எண்ணை மட்டும் பார்க்கிறது. நீளம் என்பது இரண்டு முனைகளுக்கு இடைப்பட்டது என்ற எண்ணமே அதற்கு இன்னும் வரவில்லை. 9 என்று குறித்தது, கண்ணில் பட்ட இரண்டு எண்களையும் கூட்டிவிட்டு நகர்ந்த பிள்ளை. 6 என்று குறித்த பிள்ளைதான் எனக்குப் பிடித்தமானது. ஒருமுறை இதே படத்தைக் கரும்பலகையில் வரைந்து கேட்டபோது, 6 என்று சொன்ன ஒரு சிறுமியை எழுந்து வந்து எண்ணிக் காட்டச் சொன்னேன். 2, 3, 4, 5, 6, 7 என்று ஒவ்வொரு கோட்டின் மீதும் விரலை வைத்து அழகாக எண்ணினாள். கோடுகள் ஆறுதான். இடைவெளிகள் ஐந்து. "கோட்டை விட்டுவிட்டு நடுவில் இருப்பதை எண்ணு" என்றேன். எண்ணினாள். "அப்படியென்றால் கோடு எதற்கு, டீச்சர்?" என்று கேட்டாள் பாருங்கள், அன்றைய வகுப்பு முழுவதும் அந்தக் கேள்விக்கே போய்விட்டது.

மூன்று தவறான விடைகள், மூன்று வெவ்வேறு குறைகள். ஒன்றுக்குச் சொல்லித் தருவது மற்றதற்குப் பயன்படாது. தசமத்திலும் இதே கதைதான். 0.35, 0.5 இரண்டில் பெரியது எது என்றால் 0.35 என்று குறிக்கிற பிள்ளை சோம்பேறி அல்ல. 35, 5ஐவிடப் பெரியது என்று முழு எண்களில் கற்றதை அப்படியே கொண்டுவருகிறது. ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய தகவல் எது? தேர்வு இதையெல்லாம் கண்டுபிடித்துவிடுகிறது. விடைத்தாளை வாசிக்கிற இயந்திரத்திடம் எத்தனை பேர் 7ஐக் குறித்தார்கள், எத்தனை பேர் 6ஐக் குறித்தார்கள் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. அறிக்கையாகிப் பள்ளிக்கு வரும்போது எல்லாம் கரைந்து 53 என்று ஓர் எண்ணாக நிற்கிறது. ரத்தப் பரிசோதனைக்குப் போனவரிடம், சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று எதுவும் சொல்லாமல் "நூற்றுக்கு 53" என்று எழுதிக் கொடுத்து அனுப்பினால் எந்த மருத்துவர் மருந்து எழுதுவார்?

ஆசிரியர்கள் நாங்கள் அப்படித்தான் மருந்து எழுதினோம். முடிவு வந்த மறுநாள் தலைமையாசிரியர் அறையில் கூட்டம் நடக்கும். பள்ளியின் பெயருக்கு நேராக ஓர் எண், அதன் மேல் சிவப்போ மஞ்சளோ ஒரு வண்ணம். எந்தப் பாடப்பகுதியில், எந்தக் கேள்வியில் என்று நான் கேட்டால் "அந்த விவரம் நமக்கு வராது" என்பார்கள். விவரம் வராதபோது எல்லோருக்கும் ஒரே மருந்துதான்: மாலையில் சிறப்பு வகுப்பு, மாதிரி வினாத்தாள் கட்டுக்கட்டாக, விளையாட்டுப் பாடவேளை ரத்து. தேர்ச்சிக் கோட்டுக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் கீழே நிற்கும் பிள்ளைகளை முன்வரிசைக்கு இழுப்பார்கள். அடியில் கிடப்பவர்களை இழுத்தும் பயனில்லை என்று விட்டுவிடுவார்கள். அளவுகோலில் கோட்டை எண்ணிய பிள்ளை எத்தனை மாதிரி வினாத்தாள் எழுதினாலும் கோட்டைத்தான் எண்ணும்.

சராசரி ஒன்றையே பிடித்துக்கொண்டு பள்ளிகளை நெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே போதும். 2002இல் கையெழுத்தான சட்டப்படி மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு. 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி நிலையை எட்டிவிட வேண்டும் என்று இலக்கு. எல்லாப் பிள்ளைகளும்! வகுப்பறைப் பக்கம் எட்டிப் பார்த்த எவரும் அப்படி ஓர் இலக்கை எழுதியிருக்க மாட்டார்கள். 2015 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே மாற்றினார்கள். இடையில் அட்லாண்டா நகரில் நடந்ததுதான் என் மனத்தை விட்டு அகலாதது. அங்கே 44 பள்ளிகளில் முறைகேடு நடந்ததாகவும், ஆசிரியர்கள், முதல்வர்கள் என 178 பேருக்கு அதில் பங்கு இருப்பதாகவும் 2011இல் மாநில விசாரணை அறிக்கை சொன்னது. பிடிபட்டது எப்படி தெரியுமா? விடைத்தாள்களில் தவறான விடையை அழித்துச் சரியானதைக் குறித்த தடங்கள் இயல்புக்கு மீறி இருந்தன. பிள்ளைக்கு என்ன தெரியவில்லை என்று காட்டக்கூடிய ஒரே சான்றை ஆசிரியர்களே ரப்பர் வைத்து அழித்திருக்கிறார்கள். அவர்களை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் தவறான விடைக்கு எந்த மதிப்பும் இல்லை என்று அவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தது யார்?

வினாக்களை வெளியிட்டால் அடுத்த ஆண்டு மனப்பாடம் செய்துவிடுவார்கள், ஆண்டுகளை ஒப்பிடச் சில வினாக்களைத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது என்று ஒரு மறுப்பு வரும். நியாயம்தான். ஆனால் அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. நான்காம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கணிதத்தையும் அறிவியலையும் 1995 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பல நாடுகளில் அளந்துவரும் டிம்ஸ் ஆய்வில், வினாக்களில் ஒரு பகுதியை வெளியிட்டிருக்கிறார்கள். மீதியை அடுத்த சுற்றுக்காகப் பூட்டி வைக்கிறார்கள். வினாவையே காட்ட மனம் வராவிட்டால் "நீளம் அளத்தல்: முடிகிற எண்ணையே விடையாகக் குறித்தவர்கள் இத்தனை பேர்" என்று ஒரு வரி போதும். அதில் எந்த ரகசியமும் கசியாது. பள்ளிக்கு ஒரு தாள் அதிகம் செலவாகும்.

தங்கள் செய்தியாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு முடிவு கைக்கு வந்தால், எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்டுப் போடுங்கள். இதே பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் எப்படி எழுதினார்கள் என்று கேளுங்கள். அதிகம் பேர் தவறிய ஐந்து வினாக்கள் எவை, அவற்றில் அதிகம் பேர் குறித்த தவறான விடை எது என்று அதிகாரியிடம் கேளுங்கள். தரமாட்டேன் என்று அவர் சொன்னால் அதையே தலைப்பாகப் போடலாம். 5 மதிப்பெண் சரிவைவிட அது பெரிய செய்தி. தந்துவிட்டால் பட்டியலை எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கணிதப் பகுதியைப் படித்து, ஒவ்வொரு தவறும் எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் வேர் பிடித்தது என்று எழுதித் தருகிறேன். அந்தப் பள்ளி ஆசிரியர்களுக்கே அதை நேரடியாகக் கொடுத்துவிட்டாலும் சரி, என்னைவிட அவர்கள் விரைவாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளிக் கணித ஆசிரியை