திருநெல்வேலி பெருமாள்புரம் மனைக்குத் திட்ட அனுமதி கேட்டு மீண்டும் ஒரு மனு

பெறுநர்: திட்ட அனுமதி வழங்கும் அதிகாரி அவர்கள்

பொருள்: 5 சென்ட் மனையில் தரைத்தளமும் இரண்டு மாடியும் கட்ட அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மறுபடியும் எழுதுகிறேன். பெருமாள்புரம் பக்கம் தாங்கள் அறியாத இடம் இல்லை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி நர்சுகள், காலேஜ் பிள்ளைகள், பிள்ளைகள் படிப்புக்காகச் சங்கரன்கோவில், தென்காசி பக்கமிருந்து குடிவருகிறவர்கள் என்று எல்லாரும் வீடு தேடி வருகிற பகுதி இது.

1. எங்கள் மனை 2,178 சதுர அடி. 2023 டிசம்பர் மழை வெள்ளத்தில் பழைய ஓட்டு வீட்டின் சுவர் பிளந்துவிட்டதால் இடிக்க வேண்டியதாயிற்று. கீழே நாங்கள் இருக்க ஒரு வீடு, மேலே வாடகைக்கு இரண்டு, மொத்தம் 3,300 சதுர அடி. விதிப்படி கட்டுவதாக மனைக்காரரே சான்று கொடுக்கும் சுயசான்று முறை 2024 ஜூலையில் வந்தபோது, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையான கட்டடத்துக்கு உடனடி அனுமதி இருந்தது, ஆனால் முதல் மாடியோடு சரி. இரண்டாவது மாடி என்பதால் எங்கள் ஃபைல் பழைய வழியில்தான் போக வேண்டும் என்றார்கள். போனது, நின்றுவிட்டது.

2. குறையை ஒரே தடவையில் சொல்வதில்லை. பட்டா அப்பா பெயரில் இருக்கிறது என்றார்கள், மாற்றினோம். அப்புறம் ரோடு அகலம். அப்புறம் கார் நிறுத்த இடம். அடுத்தது என்னவோ!

3. பிளான் அப்ரூவல் இல்லாமல் பேங்கில் வீட்டுக் கடன் கிடையாது. அதனால் மனையில் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கிறது, நாங்கள் இரண்டு தெரு தள்ளி மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். 9,000 ரூபாயில் ஆரம்பித்த வாடகை இப்போது 12,000. "கட்டுபடியாகலேன்னா வேற வீடு பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்கிறார் வீட்டுக்காரர், வேறு வீடு இல்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அம்மாவுக்கு மாடி ஏற முடியாது, அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டில் விட்டிருக்கிறோம். சொந்த மனை இருக்கும்போது அம்மா ஏன் அங்கே என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், என்ன பதில் சொல்ல? உங்கள் மேசையில் இருக்கிற ஃபைலைக் காட்டவா? பென்ஷனில் பாதி வாடகைக்கே போகிறது ஐயா. இத்தனைக்கும் நாங்களே இன்னொருவருக்கு வீடு கொடுக்க வேண்டிய ஆட்கள், இப்போது இருக்கிற நாலு வீட்டுக்கு அவர்களோடு போட்டி போட்டுக்கொண்டு நிற்கிறோம்.

4. வாடகை ஏறினால் வீட்டுக்காரர் பேராசை என்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். காலி வீடு தெருவில் ரெண்டு கிடந்தால் எந்த வீட்டுக்காரரும் இறங்கித்தான் பேசுவார். எங்கள் ஒரு மனையில் ஒரு வீடு இருந்த இடத்தில் மூன்று வரும். இப்படி நிற்கிற ஃபைல் என்னுடையது ஒன்றுதானா? காத்திருக்கும் காலத்தின் வட்டியும் ஏறுகிற கம்பி, சிமெண்ட் விலையும் கடைசியில் குடிவருகிறவர் வாடகையிலும், வீடு வாங்குகிறவர் விலையிலும்தான் வந்து விழும். பெரிய பில்டருக்குத் தாமதத்தைத் தாங்கப் பணம் இருக்கிறது, அலைய ஆள் இருக்கிறது. எங்களுக்கு?

விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாங்கள், பாளையங்கால்வாயை அடைத்துக் கட்டக் கேட்கவில்லை. விதிப்படி கட்டுகிறோம், அதற்குத்தான் இவ்வளவு காத்திருப்பு. அனுமதி இல்லாமலே கட்டியவர்கள் குடியேறி வாடகையும் வாங்குகிறார்கள் ஐயா.

5. அனுமதி கொடுங்கள். முடியாது என்றால் மிச்சமிருக்கும் குறைகள் அத்தனையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், சரிசெய்து தருகிறோம். தயவுசெய்து இந்த மனுவையும் அதே ஃபைலில் கட்டி வைத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
பெருமாள்புரம் மனைதாரர்

இணைப்பு: பட்டா நகல், வரைபடம், முந்தைய மனுக்களின் ரசீதுகள்