மும்பை ரே ரோட்டிலிருந்து ஒரு பைன் மரக் கணக்கு

மாப்ள,

பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, திட்டாதே. இங்கே மழை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர், ட்ரெயின் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு, அவ்வளவுதான் போன வாரம் முழுக்க. மூட்டுவலி அப்படியே இருக்கிறது. மகளுக்கு வரன் பார்க்கிறோம், அது தனிக் கதை, போனில் சொல்கிறேன்.

உன் பையன் காலேஜ் ப்ராஜெக்டுக்குக் கேட்டானே, மாலத்தீவு, மொரீஷியஸ் இரண்டில் எது பைன் தடி, அதாவது அறுக்காத முழு மரம், அதிகம் இறக்குமதி செய்கிறது என்று. முதலில் நானே சொதப்பினேன். ஒரு நாட்டுக்கணக்கு கிலோவில் இருந்தது, இன்னொன்று கன மீட்டரில். ஒரு கன மீட்டர் அரை டன் என்று போட்டுக் கணக்கை முடித்துவிட்டுப் படுத்தேன், காலையில்தான் உறைத்தது. அது காய்ந்த பைனுக்கு. வெட்டியதும் கப்பலேறுகிற பச்சைத் தடி கிட்டத்தட்ட ஒரு டன் வரும். நம் தொழிலில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் செய்கிற தப்பா இது! அவனிடம் சொல், எதை ஒப்பிட்டாலும் முதலில் அலகைப் பார்க்கச் சொல்.

அப்புறம், தடியை மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. சுங்கக் கணக்கில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு எண் உண்டு: 4403 தடி, 4407 அறுத்த மரம், 4412 பிளைவுட், மூன்றையும் சேர்த்து எடுக்கணும். மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவு, எல்லா நிலத்தையும் கூட்டினாலும் 300 சதுர கிலோமீட்டர்தான். தடியை இறக்கி அடுக்கி வைத்து அறுக்க இடம் எங்கே? தூளையும் பட்டையையும் எங்கே கொட்டுவது? அறுத்த பலகையாக வாங்குவதுதான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். அவர்களுடைய சொந்த மரம் என்றால் தென்னை, தோணியே அதில்தான் கட்டினார்கள், இப்போது ஃபைபர் வந்துவிட்டது.

மொரீஷியஸ் வேறு மாதிரி. 2,040 சதுர கிலோமீட்டர், நடு மேட்டு நிலத்தில் அரசே பைன் வளர்க்கிறது, அறுக்க மில்லும் உண்டு. டச்சுக்காரன் 1638-இல் வந்து கருங்காலியை வெட்டித் தள்ளிவிட்டு 1710-இல் கிளம்பிப் போனான், பிறகு கரும்பு மிச்சக் காட்டையும் தின்றது. 1960 கரோல் புயலில் மரமும் தகரமுமாக இருந்த வீடுகள் நொறுங்கிய பிறகு ஜனங்கள் கான்கிரீட்டுக்கு மாறிவிட்டார்கள். ஆகவே அங்கே வீடு கட்டுவது என்றாலும் பைனுக்கு வேலை பெரும்பாலும் கான்கிரீட் ஊற்ற அடிக்கிற சென்ட்ரிங் பலகையில்தான், சுவரில் இல்லை. தடி இறக்குமதி குறைவாக இருந்தால் மரமே வாங்காத ஊர் என்று பையன் எழுதிவிடப் போகிறான், பார்த்துக்கொள்.

இன்னொன்று, இரண்டுமே சின்ன ஊர். ஒரு ரிசார்ட் ஆர்டர், ஒரு கப்பல் சரக்கு, அதிலேயே ஒரு வருஷக் கணக்கு எகிறிவிடும், அடுத்த வருஷம் பூஜ்யம். ஒரு வருஷத்தை வைத்து எழுதினால் நான் வாத்தியாராக இருந்தால் மார்க் போட மாட்டேன். ஐந்து வருஷச் சராசரி எடுக்கட்டும். அனுப்பின நாட்டின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல், இரண்டும் ஒத்துப்போகாது, ஒத்துப்போகாத இடத்தில்தான் ப்ராஜெக்டே இருக்கிறது.

நேற்று ஒரு டிப்போவில் நியூசிலாந்து பைன் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மழையில் கிடந்து வெட்டு முகத்தில் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்திருந்தது, ஆனால் ரம்பம் உள்ளே போனதும் பிசின் வாசனை, அப்படியே தூத்துக்குடியில் உன் அப்பா மில் வாசல். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உடன்குடிக் கருப்பட்டி கொடுத்துவிடு. போன தடவை வந்ததில் பாதி மணல், கடையை மாற்று.

உன்,
மாட்டுங்கா மாப்ள