கிணற்று நீர் முடிவுகளை ஒட்டிய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளே,

எங்கள் சனசமூக நிலையச் சுவரில் நீங்கள் ஒட்டிவிட்டுப் போன கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவைப் பற்றியே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிக் கழிவும் நைத்திரேற்றாகக் கிணற்று நீரில் போய்ச் சேர்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

நீங்கள் ஒட்டியது ஒரு வட்ட வரைபு. அதுவும் தட்டையாக இல்லை. வெட்டிவைத்த கேக் போலத் தடித்துச் சரிந்து நிற்கிறது. முன்பக்கத் துண்டு உள்ளதைவிடப் பெரிதாகவும் பின்பக்கத் துண்டு சிறிதாகவும் தெரிகின்றன. கணினியில் மூன்று நிறம் தீட்டியிருப்பீர்கள். சுவரில் இருப்பதோ கறுப்பு வெள்ளைப் போட்டோக்கொப்பி. மூன்றும் ஒரே சாம்பல்.

பக்கத்து வளவுப் பெண் கைக்குழந்தையோடு வந்து நின்று, "சேர், எங்கட கிணறு இதில எது?" என்று கேட்டாள். போத்தல் பால் குடிக்கிற குழந்தை. நைத்திரேற்று கூடிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்துபோகும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் வரைபு எங்கள் முழுப் பிரிவிலும் எந்தப் பங்கு கிணறுகள் எந்த நிலையில் என்ற விகிதத்தைத்தான் சொல்கிறது; எந்தக் கிணறு என்று சொல்லவில்லை.

தயவுசெய்து கிணறுகளை ஊர் வரைபடத்தில் குறித்துத் தாருங்கள். 1854இல் லண்டனில் பரவிய வாந்திபேதியை ஆராய்ந்த ஜோன் சினோ என்ற மருத்துவர் மரணங்களை வீடு வீடாக வரைபடத்தில் குறித்தார். புரோட் வீதித் தண்ணீர்ப் பம்பியைச் சுற்றியே அவை குவிந்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அன்று கையால் செய்த வேலை அது.

மாரிக்கும் கோடைக்கும் அளவு மாறுவதைக் காட்டக் கோட்டு வரைபு இருக்கிறது. கீழே மாதங்கள், பக்கத்தில் லீற்றருக்கு மில்லிகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான 50இல் குறுக்கே ஒரு தடித்த கோடு. எதை அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். நைத்திரேற்றாக 50 என்பது, அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டால் ஏறத்தாழ 11தான். வெறுமனே 20 என்று போட்டால் அது நல்ல தண்ணீரா, கெட்ட தண்ணீரா?

அச்சுக்குப் பெயரும் அலகும் எழுதாத மாணவனுக்கு நாங்கள் புள்ளி குறைக்கிறோம். அரச அறிவித்தல்களில் அதை யார் கேட்பது? டெங்கு என்றாலும் தண்ணீர் என்றாலும் படம் மேலிடத்துக் கூட்டத்துக்காகவே கீறப்படுகிறது. தண்ணீர் குடிக்கிற சனம் அந்தக் கூட்டத்தில் இல்லை.

கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: மாரி தொடங்குமுன் கிணறுகளைக் குறித்த வரைபடம் ஒன்றை ஒட்டித் தாருங்கள். வீட்டுக்காரர் பெயர் வேண்டாம். கிணற்றுக்கு ஓர் இலக்கம் போட்டு அதை அந்தந்த வீட்டுக்கு அறிவித்தால் போதும். நிறத்தை மட்டும் நம்பாமல் வட்டம், முக்கோணம் என்று உருவாலும் பிரித்துக் காட்டினால் போட்டோக்கொப்பியிலும் தெரியும்.

இப்படிக்கு,
வலிகாமத்துக் கணித ஆசிரியர் ஒருவர்