லீவு போட்டும் தீராத அசதி

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. மகள் பிளஸ் டூ முடித்ததில் சந்தோஷம். இங்கே வேளச்சேரியில் எல்லாரும் நலம்.

நாலு நாள் கொடைக்கானல் போய் வந்தும் திங்கட்கிழமை லேப்டாப்பைத் திறக்கக் கை வரவில்லை என்று எழுதியிருந்தாய். வெறும் அசதி ஓய்வெடுத்தால் தீரும். பர்ன்அவுட், அதாவது வேலையே ஆளை வற்றவைத்துவிடுவது, அப்படியில்லை; அதைக் கொண்டுவந்த வேலை, நீ திரும்பும்வரை அப்படியே காத்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோயாக அல்ல, வேலையோடு சேர்ந்த நிலையாகத்தான் வகைப்படுத்தியது. அடையாளம் மூன்று: சக்தி வற்றுவது, வேலையில் ஒட்டாமை, செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்ற எண்ணம். முதலாவது யாருக்கும் வரும். ஜூனியர் சந்தேகம் கேட்டாலே எரிச்சல் வருகிறது என்றாயே, அது இரண்டாவது.

முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிடு: ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், வைட்டமின் பி12, சர்க்கரை. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும்.

பிறகு இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுது: என்ன வேலை, எத்தனை மணி நேரம், முடிவு யார் கையில். பொறுப்பு உன் தலையில், முடிவு வேறொருவர் கையில் என்று இருக்கும் வேலைகள்தான் ஆளை அதிகம் தின்னும். மேனேஜரிடம் "வேலை அதிகம்" என்று சொல்லாதே, "எல்லாருக்கும்தான்" என்பார். நோட்டைக் காட்டி, "வாரத்துக்கு 58 மணி நேரம் வருகிறது, இதில் எந்த இரண்டைத் தள்ளிவைக்கலாம்?" என்று கேள். தேர்வு செய்யும் சுமை அவருக்குப் போகட்டும்.

நவம்பரையும் மறக்காதே. அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பியதும் நியூயார்க் நேரம் காலை 9 மணிக்கு உனக்கிருக்கும் போன் மீட்டிங், இங்கே மாலை 6.30-லிருந்து 7.30-க்கு நகரும். மறுநாள் காலை டீமின் ஸ்டாண்ட்-அப் மீட்டிங் மட்டும் பழைய நேரத்திலேயே நிற்கும்; அந்த ஒரு மணி நேரம் உன் தூக்கத்திலிருந்துதான் போகிறது. ஐரோப்பியச் சட்டம் இரண்டு வேலை நாளுக்கு நடுவே 11 மணி நேர இடைவெளி கேட்கிறது. நம்மூரில் கேட்க ஆளில்லை, நீயே காலண்டரில் காலையை அடைத்து வை. அந்த மீட்டிங் நடுவே குடிக்கும் ஃபில்டர் காபியையும் விடு. ஐந்து மணி நேரம் கழித்தும் பாதி காஃபீன் உடம்பில் இருக்கும். (உனக்கு இதுதான் கஷ்டம், தெரியும்.)

ஞாயிற்றுக்கிழமைகூட எதிலும் பிடிப்பில்லை, விடியற்காலை விழிப்பு, இப்படி இரண்டு வாரம் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரைப் பார். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு நோட்டோடு பெசன்ட் நகர் வா. எதை வெட்டுவது என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ரகு