முள்ளில்லாத நெருஞ்சி

அன்புள்ள மகளுக்கு,

நீ அரிசோனாப் பாலைவனத்தில் படம் எடுத்து அனுப்பிய பூவை அம்மா கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இது நெருஞ்சிதானே!" என்றார். நான் ஒப்பவில்லை. இலை அச்சொட்டாக நெருஞ்சி இலைதான். ஆனால் நம் நெருஞ்சிப் பூ சட்டைப் பொத்தான் அளவு, தேசிப்பழ மஞ்சள். உன்னுடையதோ அதைவிட மூன்று மடங்கு பெரிது, செம்மஞ்சள், நடுவில் சிவப்பு வேறு. அதனால்தான் காயை உடைத்துப் பார்க்கச் சொன்னேன். பத்துத் துண்டாகப் பிரிந்தது, முள்ளே இல்லை என்றாய். நெருஞ்சிக்காய் ஐந்தாகத்தான் பிரியும். ஒவ்வொன்றிலும் கொம்பு போல இரண்டு முள். எப்படி விழுந்தாலும் ஒன்று மேலே பார்த்துக்கொண்டு காத்திருக்கும்.

இரண்டும் ஒரே குடும்பம் என்று நீ தேடிச் சொன்னதிலிருந்து அம்மாவின் கால் நிலத்தில் இல்லை. உன் பூவுக்கு அரிசோனா பொப்பி என்று பெயராம், கசகசா இனமான பொப்பிக்கும் அதற்கும் உறவே இல்லையாம். பெயர் வைத்தவன் காயை உடைத்துப் பார்க்கவில்லை போலும்.

போர் முடிந்து 2010 இல் நம் ஊர் பூநகரிக்குத் திரும்பியபோது நீ சின்னப் பிள்ளை; ஞாபகம் இருக்குமோ தெரியாது. வளவு முழுக்க ஈச்சம் பற்றை, நாயுண்ணி, ஆளுயரப் புல். ஒரு நெருஞ்சிகூட இல்லை. அதற்கு வெயிலும் வெறுந்தரையும் வேண்டும், பற்றை நிழலில் பிழைக்காது. கண்ணிவெடி அகற்றி முடிந்தபின் பற்றையை வெட்டினோம். கிணற்றுக்கு நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை விழுந்தது. அடுத்த மாரி கழிய, அந்தப் பாதையோரம் மஞ்சளாகக் கிடந்தது. யாருடைய செருப்பில் ஒட்டி வந்ததோ, பழைய முற்றத்து விதைதான் மண்ணுக்குள் இத்தனை வருடம் காத்துக் கிடந்ததோ. அதன் விதை எல்லாம் ஒரே மழைக்கு முளைத்துவிடாது. சில படுத்தே கிடக்கும்.

முதல் முள் உன் குதிக்காலில்தான் ஏறியது. நீ அழுத அழுகைக்கு அயல் எல்லாம் ஓடிவந்தது. அம்மா ஊசியால் கிண்டி எடுத்து, வேலிக்கு வெளியே எறியாமல் அடுப்பில் போட்டார்.

அசல் நெருஞ்சியும் உங்கள் பக்கம் எப்போதோ குடியேறிவிட்டது. அங்கே அதை ஆட்டுத்தலை என்பார்களாம், கொம்பைப் பார்த்துத்தான். இந்த மாதம் மூன்றாம் தடவையாகச் சைக்கிள் ரியூப் காற்றுப் போனது என்று எழுதியிருந்தாய். ரயரைக் கையால் தடவிப் பார், கவனம். அகப்பட்டால் அம்மாவுக்கு ஒரு படம் அனுப்பிவிட்டு அடுப்பில் போடு. உன்னுடையது கரண்ட் அடுப்பு என்பது இப்போதுதான் நினைவு வருகிறது.

அப்பா