மூன்றாம் நாள் ரவுண்ட்ஸுக்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அக்கா பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. உனக்கு போன் எடுக்க நேரம் இருக்காது, ஐசியூ போஸ்டிங் என்றால் அப்படித்தான். அதனால்தான் கடிதம். சாப்பிட்டுவிட்டுப் படி.

மூன்று வாரத்துக்கு முன்னால் மற்ற மருந்துகள் பலிக்காதபோது கடைசியாக எடுக்கிற கோலிஸ்டினைப் பற்றி நீ அனுப்பிய ஒரு வரி என் போனில் இன்னும் இருக்கிறது. ‘கிட்னி போயிருக்கு, கோலிஸ்டின் லோடிங் டோஸ் குறைக்கணுமாம்மா?’ குறைக்கக் கூடாது, முழுசாக 90 லட்சம் யூனிட் என்று பதில் போட்டேன். நீ பார்த்தாய், அதோடு சரி. அந்தப் பதிலில் தப்பில்லை. மருந்து உடம்பில் எவ்வளவு இடத்தில் பரவ வேண்டும் என்பதை வைத்துத்தான் லோடிங் டோஸ் என்கிற முதல் டோஸ். சிறுநீரகம் எவ்வளவு வேகமாகக் கழிக்கிறது என்ற கணக்கு அடுத்தடுத்த டோஸுக்கு. தொற்று முற்றி உறுப்புகளையே பாதிக்கிற செப்சிஸில் உடம்பெங்கும் நீர் கோத்திருக்கும், பரவும் இடம் இன்னும் பெரிதாகும். கிட்னி பழுதைக் காட்டுகிற கிரியேட்டினினைப் பார்த்து முதல் டோஸைப் பாதியாக்கினால், கிருமிக்கு ஒரு முழு நாள் சும்மா கிடைக்கிறது.

அந்த நோயாளியைப் பற்றி நான் கேட்கவில்லை. நீ சொல்லும்போது சொல்.

கல்ச்சர் விஷயம், அதாவது ரத்தத்தில் இருக்கிற கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கிற சோதனை, எழுதுகிறேன். என் லேப் அனுபவத்தில் நூறு தடவை சொன்னதுதான். ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன்னால் ரத்தம் எடு. இரண்டு செட், ஒரு செட்டுக்கு இரண்டு பாட்டில், இரண்டு வெவ்வேறு நரம்பிலிருந்து, பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. செப்சிஸில்கூட ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஒரு கிருமிக்கும் குறைவாக இருக்கலாம். 3 மி.லி. ரத்தத்தோடு வருகிற பாட்டிலில் எதுவும் வளரவில்லை என்றால் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. அதை நம்பி மருந்தை நிறுத்தவும் முடியாது, தொடரக் காரணமும் காட்ட முடியாது. குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலால் தோலை 30 விநாடி தேய்த்து, காயவிடு. காய்வதில்தான் வேலையே நடக்கிறது. காய்ந்த பிறகு நரம்பைத் தேடி மறுபடி விரல் வைக்காதே. பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியை எடுத்ததும் அடியில் இருக்கிற ரப்பரையும் ஆல்கஹாலால் துடை. மூடி போட்டிருந்ததால் ரப்பர் சுத்தம் என்று நினைக்கிறார்கள், அது கிருமி நீக்கப்பட்டதல்ல. எடுத்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது.

பெரிய ரத்தக்குழாயில் போட்டிருக்கிற சென்ட்ரல் லைன் மேல் சந்தேகம் இருந்தால் லைனிலிருந்து ஒரு செட், கையிலிருந்து ஒரு செட், ஒரே நேரத்தில், ஒரே அளவு. லைன் பாட்டில் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்திப் பாசிட்டிவ் ஆனால் மூலம் லைன்தான். எந்த பாட்டில் எங்கிருந்து என்று எழுதாமல் அனுப்பினால் இவ்வளவும் வீண். ஷாக்கில் இருக்கிறவருக்கு மட்டும் கல்ச்சருக்காகக் காத்திருக்காதே. ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயிருக்க வேண்டும், ரத்தம் எடுக்க முடியாவிட்டாலும்.

வந்த ரிசல்ட்டைப் படிப்பதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். நான்கு பாட்டிலில் ஒன்றில் மட்டும் கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபைலோகாக்கஸ் வளர்ந்தால் பெரும்பாலும் அது தோலிலிருந்து வந்தது. அதற்கு வான்கோமைசின் ஆரம்பித்து, யாரும் நிறுத்தாமல், ஒரு வாரத்தில் கிரியேட்டினின் ஏறுவதுதான் நடக்கிறது. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஒரே பாட்டிலில் வந்தாலும் அதைத் தோல் கிருமி என்று ஒதுக்காதே. கதீட்டர் போட்டவரின் சிறுநீரில் கிருமி இருப்பது எதிர்பார்க்க வேண்டியது. காய்ச்சலும் இல்லை, வேறு அறிகுறியும் இல்லை என்றால் கர்ப்பிணிகளையும் சிறுநீர்ப் பாதை அறுவைக்குப் போகிறவர்களையும் தவிர யாருக்கும் வைத்தியம் வேண்டாம். பையிலிருந்து எடுத்த சாம்பிளை அனுப்பாதே. இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்த கதீட்டர் என்றால் மாற்றிவிட்டுப் புதியதிலிருந்து எடு. சளியில் கேண்டிடா வளர்ந்தால் நுரையீரலில் பூஞ்சை என்று அர்த்தமில்லை.

அறிக்கையில் மருந்துக்கு நேரே எம்.ஐ.சி. எண், அதாவது கிருமி வளராமல் தடுக்கக் குறைந்தது எவ்வளவு மருந்து வேண்டும் என்ற அளவு, போட்டிருக்கும். எது சின்ன எண்ணோ அதுதான் பலமான மருந்து என்று நினைத்து எடுக்காதே. ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு, ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. தொற்று எந்த இடத்தில் என்று முதலில் பார். நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீர்ப் பைக்கு மட்டும். டாப்டோமைசினை நுரையீரலின் காற்றறைகளில் படிந்திருக்கிற சர்ஃபேக்டன்ட் செயலிழக்க வைத்துவிடும், நிமோனியாவுக்கு ஆகாது. எர்டாபெனம் சூடோமோனாஸைத் தொடாது. மெரோபெனமோ பிப்பராசிலின் டாசோபாக்டமோ ஓடும்போது ‘அனரோபுக்கும் இருக்கட்டும்’ என்று, ஆக்சிஜன் இல்லாமல் வளர்கிற கிருமிகளுக்காக, மெட்ரோனிடசோல் சேர்ப்பது தேவையில்லாதது. ஆன்டிபயாடிக்குக்குப் பின் வயிற்றுப்போக்கு உண்டாக்குகிற சி. டிஃபிசில் இருந்தால் கதை வேறு.

குறைவான வகைக் கிருமிகளை மட்டும் தாக்குகிற சின்ன மருந்து என்பதற்காகவே சின்ன மருந்தைப் பிடித்துக்கொள்வதும் தப்பு. 2018-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத ஈ. கோலை, கிளெப்சியெல்லா ரத்தத்தில் இருந்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் மெரோபெனம் பக்கம் 3.7 சதவீதம், பிப்பராசிலின் டாசோபாக்டம் பக்கம் 12.3 சதவீதம். வேண்டிய இடத்தில் பெரிய மருந்தைப் போடத் தயங்காதே. வேண்டாத நாளில் அது ஓடக் கூடாது, அவ்வளவுதான்.

அதனால்தான் மூன்றாம் நாள். மருந்து ஆரம்பித்து 48 மணி நேரம் தாண்டியதும், மூன்றாம் நாள் ரவுண்ட்ஸுக்கு முன்னால், நீயே கேஸ் ஷீட்டை எடுத்து உட்கார். கல்ச்சர் என்ன சொல்கிறது, தொற்று உண்மையிலேயே இருக்கிறதா, இதைவிடச் சின்ன மருந்து போதுமா, வாய்வழிக்கு மாற்றலாமா. லினசோலிட், லீவோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல் எல்லாம் வாயால் கொடுத்தாலும் ஊசிக்கு ஏறக்குறைய சமம். குடல் வேலை செய்கிறவருக்கு இவற்றுக்காக ஊசி எதற்கு? ஊசி நின்றால் லைனை எடுக்கலாம், லைன் போனால் லைன் தொற்று இல்லை.

நிறுத்தும் தேதியைப் போடு. ஆரம்பிக்கும்போதே காரணத்தையும் தேதியையும் எழுது. மருத்துவமனையில் வந்த நிமோனியாவுக்கும் வென்டிலேட்டர் நிமோனியாவுக்கும் பொதுவாக 7 நாள். வயிற்றுத் தொற்றில் மூலத்தைச் சரியாகச் சுத்தம் செய்த பிறகு 4 நாள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத்தில் இருந்தால் குறைந்தது 14 நாள், அதுவும் முதல் நெகட்டிவ் கல்ச்சரிலிருந்து எண்ண வேண்டும். வென்டிலேட்டர் நிமோனியாவுக்கு 8 நாள், 15 நாள் என்று ஒப்பிட்ட ஆய்வு 2003-லேயே வந்துவிட்டது. உயிரிழப்பில் வித்தியாசம் இல்லை. இன்னும் ‘ஒரு பதினாலு நாள் ஓடட்டும்’ என்கிறார்கள். அந்தக் கூடுதல் ஒரு வாரத்தில் நோயாளியின் குடலில் என்ன நடக்கிறது என்று யோசி. மருந்துக்கு அடங்கும் கிருமிகள் செத்து, அடங்காதவை இடம் பிடிக்கின்றன. எதிர்ப்பு மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் வழியாக ஒரு இனத்திலிருந்து இன்னொரு இனத்துக்குப் போகின்றன. நம் கை வழியாக அடுத்த படுக்கைக்கும் போகின்றன. கைக்கு ஆல்கஹால் 20 முதல் 30 விநாடி. சி. டிஃபிசில் என்றால் ஆல்கஹால் உதவாது, அதன் ஸ்போர் சாகாது. சோப்பும் தண்ணீரும்தான். பெரியப்பாவின் கடைசி வாரம் உனக்கும் தெரியும், நான் திரும்ப எழுதவில்லை. தேதியைப் போடு.

சின்ன விஷயம் ஒன்று. 50 மி.லி. பையில் மருந்து கலந்து ஏற்றும்போது பை காலியானதும் ட்யூபைக் கழற்றிவிடுகிறார்கள். ட்யூபுக்குள் 15, 20 மி.லி. தங்கிவிடும். டோஸில் கால் பங்குக்கு மேல் குப்பைக்குப் போகிறது. சலைன் விட்டு ட்யூபைக் கழுவி உள்ளே செலுத்தச் சொல். நர்ஸ் அக்காமாரிடம் மரியாதையாகச் சொல், அவர்களுக்கு இருபது வேலை.

நீ எப்போதும் இரண்டு செட் எடுக்கிறாய், லேபிலிலும் இடம் எழுதுகிறாய் என்று உன் சீனியர் சொன்னதாக அப்பா சொன்னார். அன்றைக்கு முழுவதும் மனசு நிறைந்திருந்தது. ஆனால் அதை அப்பாவிடம் சொன்னது யாரோ, நீ இல்லை. அவர் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. இரண்டு நிமிஷம்கூடவா கிடைக்காது?

இவ்வளவு சொல்கிறவள் ஒழுங்காக இருந்தாள் என்று நினைக்காதே. என் லேபிலிருந்து பல வருஷம் சோதித்த மருந்து அத்தனையையும் அச்சிட்டு அனுப்பினேன். செஃபசோலினுக்கே அடங்குகிற ஈ. கோலையின் அறிக்கையிலும் கடைசி வரியில் மெரோபெனமுக்கு நேரே ‘எஸ்’, அதாவது அடங்கும் என்று, இருக்கும். களைத்துப்போன டாக்டர் கண் எங்கே போகும்? எளிய மருந்து வேலை செய்யும்போது பெரிய மருந்தை அறிக்கையில் காட்டாமல் விடுகிற முறை எனக்குத் தெரியும். செய்தால் சர்ஜன்கள் போனில் சத்தம் போடுவார்கள் என்று தள்ளிக்கொண்டே போனேன். வீட்டில் உனக்கும் அதையே கற்றுக் கொடுத்தேன். பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசாதே, பேசாமல் இரு. அப்படி வளர்ந்த பிள்ளையிடம் இப்போது மூன்றாம் நாள் சீனியரைப் பார்த்து ‘சார், இதை நிறுத்தலாமா’ என்று கேள் என்கிறேன்.

அன்றைக்கு நீ என்னிடம் கேட்டதும் டோஸ் இல்லை. கோலிஸ்டின் வரைக்கும் வந்த நோயாளி என்ன நிலையில் இருப்பார் என்று எனக்குத் தெரியாதா? டோஸ் அட்டவணை உன் ஐசியூ சுவரிலேயே ஒட்டியிருக்கும். ராத்திரி இரண்டே காலுக்கு அம்மாவுக்கு எழுதினாய். நான் ஒரு எண்ணை அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

எந்த ராத்திரி உனக்கு டியூட்டி இல்லை என்று மட்டும் எழுது. நான் கூப்பிடுகிறேன். பேச முடியாவிட்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இரு, போதும். கல்ச்சரைப் பற்றி எதுவும் கேட்க மாட்டேன்.

அம்மா