பெல்ட் தராத ஆசான்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். சின்னவனுக்கு ஒருவழியாக வேலை கிடைத்துவிட்டது. எனக்குத்தான் முழங்கால் வலி. காலையில் நடப்பதோடு சரி.

நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் தராவிட்டால் பிள்ளையை வேறு இடத்தில் சேர்ப்போம் என்று பெற்றோர்கள் சொல்கிறார்கள், பேசாமல் கராத்தே வகுப்பையே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நிறுத்தாதே. கொஞ்ச நாளாக நான் மியாகி சோஜுனைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நாம் கற்ற கோஜு-ரியூ என்ற கராத்தே பாணியை நிறுவியவர். அவர் தன் மாணவர் யாருக்கும் டான் பட்டம், அதாவது கறுப்புப் பெல்ட் தகுதி, கொடுத்ததில்லை, தெரியுமா?

1888-ல் ஜப்பானின் ஒகினாவா தீவில் உள்ள நாஹா நகரில் பிறந்தவர். வசதியான உறவினர் வீட்டுக்குச் சுவீகாரம் போனதால் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. பதினான்கு வயதில் ஹிகாவோன்னா கான்ரியோவிடம் சேர்ந்தார். அவர் சீனாவின் ஃபூசோ நகரில் பல வருடம் கற்றுத் திரும்பியவர், கண்டிப்பானவர். புதிதாக வந்தவர்களுக்கு வருடக்கணக்கில் சான்சின் என்ற அடிப்படைப் பயிற்சி மட்டும்தான். கால் விரல்களால் தரையைப் பற்றிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து மூச்சு விட்டபடி மெல்ல அடி வைப்பது. பார்க்கிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். குரு பின்னால் நின்று தோளில் அறைவார், தொடையைத் தட்டுவார், எங்கே பிடி தளர்ந்திருக்கிறது என்று கை வைத்துப் பார்ப்பார். பலர் தாக்குப்பிடிக்காமல் நின்றுவிட்டார்கள். இராணுவத்தில் இருந்த இரண்டு வருடம் போக, 1915-ல் குரு இறக்கும்வரை மியாகி அவரை விடவில்லை. அப்புறம் குரு கற்ற இடத்தைத் தேடி அவரும் ஃபூசோவுக்குப் போய் வந்தார்.

அவர்களுடைய பயிற்சிக் கருவிகளைப் பற்றிப் படித்தால் உனக்கு ஆசை வந்துவிடும். கழுத்து குறுகிய மண்ஜாடி இரண்டு; அதில் கொஞ்சம் மணலைப் போட்டு, விளிம்பை ஐந்து விரலால் மேலிருந்து கவ்விப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சான்சின் அடியில் நடக்க வேண்டும். பிடித்த கொஞ்ச நேரத்திலேயே முன்கை எரிய ஆரம்பிக்கும். வாரம் ஆக ஆக இன்னும் கொஞ்சம் மணல். சி-இஷி என்பது ஒரு கட்டையின் நுனியில் கல்லைப் பொருத்தியது. கட்டையின் மறுமுனையைப் பிடித்துச் சுழற்றும்போது மொத்தப் பாரமும் மணிக்கட்டில்தான் இறங்கும். குத்திப் பழகும் பலகையான மக்கிவாரா நமக்குத் தெரிந்ததுதான். 1934-ல் கராத்தே சொல்லிக்கொடுக்க ஹவாய்க்குப் போனபோது, அங்கே மல்யுத்தக்காரர்கள் பயன்படுத்திய கனமான இரும்பு வளையத்தைப் பார்த்து, அதையும் தன் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார். நல்லது எங்கிருந்தாலும் எடுத்துக்கொண்ட மனிதர்.

ஆனால் என்னை உலுக்கியது இரண்டாம் உலகப் போரும் அதற்குப் பிறகான பகுதியும்தான். 1944 அக்டோபர் 10 அன்று அமெரிக்கக் குண்டுவீச்சில் நாஹா நகரம் ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோனது. அடுத்த வருடம் நடந்த சண்டையில் அவருடைய பிள்ளைகளில் மூன்று பேர் இறந்தார்கள். தனக்குப் பின் இந்தக் கலையைக் கொண்டுசெல்வார் என்று அவர் நம்பியிருந்த மாணவர் ஷின்சாதோ ஜின்ஆனும் இறந்துபோனார். மனிதன் எப்படி எழுந்து நிற்பான், சொல்? அவர் நின்றார். காவலர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுத்தார். சுபோயாவில் தன் வீட்டு முற்றத்தில், கூரைகூட இல்லாமல், வந்த இளைஞர்களை நிறுத்தி மறுபடி சான்சினிலிருந்து தொடங்கினார். சுபோயா குயவர்களின் பகுதி. மக்களுக்குத் தட்டும் கிண்ணமும் வேண்டுமே என்று, போர் முடிந்ததும் நாஹாவுக்குள் முதலில் திரும்ப அனுமதிக்கப்பட்டவர்களில் அந்தக் குயவர்களும் உண்டு. 1953-ல் இறக்கும்வரை மியாகி சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். அவருடைய மாணவர் மியாசாதோ எய்இச்சி 1957-ல் நாஹாவில் கட்டிய ஜுண்டோகான் பயிற்சிக்கூடம் இன்றும் நடக்கிறது.

பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. 1940-ல் கெகிசாய் என்ற கட்டாவை, அதாவது வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பை, அமைத்ததே இளைஞர்கள் எளிதாகக் கற்கத்தான். அதனால் நீயும் கெகிசாயைத் தாராளமாகச் சொல்லிக்கொடு. பிள்ளைகள் குத்தும் உதையுமாக உற்சாகமாகச் செய்வார்கள். ஆனால் தினமும் முதல் பத்து நிமிடம் சான்சின் இருக்கட்டும். பெற்றோர்களை ஒருநாள் வரச்சொல்லி அந்த ஜாடியைத் தூக்கிப் பார்க்கச் சொல். பாதிப் பேர் போய்விட்டாலும் பரவாயில்லை, மீதிப் பேருக்கு நீ வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், நான்கு நாள் இருப்பேன். கழுத்து குறுகிய ஜாடி உங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்குமா என்று பார்த்து வை. கிடைக்காவிட்டால் எழுது, இங்கிருந்து வாங்கி வருகிறேன். பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? அதை எழுதாமல் விட்டுவிட்டாயே.

அன்புடன்,
உன் பழைய சான்சின் கூட்டாளி